மூன்று நாள் மரக்கறி

2011 மே 14, சனி

காலையில் சவரம் செய்துகொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, ஹோலின் நடுவில் நிறுத்தி, சட்டையைக் கழற்றச் சொன்னாள் நிவேதிகா. ஒரு கையில் அளவுநாடா. மறு கையில் நண்டுக்கால் மாதிரி ஒரு கவ்வி. பெற்ற மகள் என்றாலும் பயமாகத்தான் இருந்தது.

"அப்பா, சும்மா நில்லுங்கோ. வயித்தை உள்ளுக்கு இழுக்காதைங்கோ."

"ஆர் இழுத்தது? இதுதான் என்ர இயற்கை வயிறு."

"அப்ப ஒருக்கா மூச்சு விடுங்கோ பாப்பம்."

விட்டேன். இயற்கை வெளியே வந்தது. குசினிக்குள் நின்ற என் மனைவி யோகா சிரித்த சிரிப்பில் தேநீர்க் கோப்பை ஒன்று மயிரிழையில் தப்பிப் பிழைத்தது.

மேற்கை, தொடை, கெண்டைக்கால். இந்த மூன்றின் சுற்றளவும் எடுத்தாள். கவ்வியால் தோலைக் கிள்ளிக் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்தாள். உயரமும் எடுத்தாள். இதையெல்லாம் ஒரு சூத்திரத்தில் போட்டால் உடம்பில் எத்தனை கிலோ தசை இருக்கிறது என்று வருமாம். அவளுடைய பல்கலைக்கழக ஆராய்ச்சி இதுதான். அவளுக்குப் பொறுப்பான டொக்டர் இஃபியோமா நைஜீரியாவின் இக்போ இனத்தவர். தன் ஊர்ப் பெரியவர்களை அளந்து அந்தச் சூத்திரத்தைச் செய்தவர் அவர்தான். இங்கே சிட்னியில் வந்து வாழ்கிற இக்போ ஆட்களுக்கும் அது சரிவருமா என்று பார்ப்பது மகளின் வேலை.

"பெரிய ஸ்கான் மெசின் எல்லா இடத்திலயும் இல்லை அப்பா. ஒரு நோயாளி மெலிஞ்சு போறாரா, தசை கரையுதா எண்டு நாடாவால அளந்தே ஒரு நேர்ஸுக்குத் தெரிஞ்சால் எவ்வளவு நல்லது."

நல்லதுதான். எனக்கு எத்தனை கிலோ வந்தது என்று கேட்டேன். சொன்னாள். தளபாடம் தூக்குகிறவனுக்கு அது கொஞ்சம் குறைவு என்பதையும் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "இது இக்போ ஆக்களுக்கான சூத்திரம். உங்களுக்குப் பொருந்தாமல் இருக்கலாம்" என்றாள். நல்ல பிள்ளை.

2011 மே 16, திங்கள்

வேலையில் ஒபியோராவிடம் கேட்டேன். வெயார்ஹவுஸில் என்னோடு அலுமாரி தூக்குகிறவன், இக்போக்காரன். உண்மையில் அவன் தூக்குகிறான், நான் மற்றப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்.

"என்ர மகள் உன்ர கையை அளக்க வேணுமாம்."

"கல்யாணம் பேசவோ, பப்பா நிவி?"

அவர்களிடம் ஒரு வழக்கம், பிள்ளை பெற்றவனைப் பிள்ளையின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். ஊரில் எனக்கு வைத்த பெயர் தருமராசா என்பது இங்கே சம்பளத் துண்டில் மட்டும்தான்.

விஷயத்தைச் சொன்னதும் சட்டைக் கையை மடித்துக் கையை முறுக்கிக் காட்டினான். ஒரு பூசணிக்காய் எழும்பியது. "எழுதிக்கொள்" என்றான்.

2011 யூன் 26, ஞாயிறு

இன்றுதான் முழுச் சங்கதியும் விளங்கியது. நாடாவால் அளந்தால் போதாதாம். சூத்திரம் சரியா என்று பார்க்க இன்னொரு அளவு வேண்டுமாம். அது சலத்தில், அதாவது சிறுநீரில், இருக்கிறது! ஒரு நாள் முழுக்க, ஒரு சொட்டும் விடாமல், பெரிய போத்தலில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தசையில் இருந்து கழிகிற ஏதோ ஒரு சாமான் அதில் வருமாம். தசை கூடினால் அதுவும் கூடும். அதற்கு முன் மூன்று நாள் இறைச்சி, மீன் தொடக்கூடாது.

ஆட்டிறைச்சி இல்லாமல் மூன்று நாள். பிறகு போத்தலோடு ஒரு நாள். ஆர் வருவான்?

அதுதான் ஆள் வரவில்லை. முப்பது பேர் வேண்டும், ஆறு பேர்தான் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வருட முடிவில் டொக்டர் இஃபியோமா நைஜீரியாவுக்கே திரும்பிப் போகிறார். அதற்குள் ஆட்கள் சேராவிட்டால் தலைப்பை மாற்றி முதலில் இருந்து தொடங்க வேண்டுமாம். இரண்டு வருட வேலை. பிள்ளை சாப்பாட்டைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"அப்பா இருக்கிறன்" என்று வாய் சொல்லிவிட்டது. வாய்க்கு என்ன.

2011 ஓகஸ்ட் 19, வெள்ளி

பதினெட்டுப் பேர்! எல்லாம் ஒபியோராவும் அவன் மனைவி என்கெச்சியும் செய்த வேலை. நான் செய்தது, தேநீர் குடித்துக்கொண்டு அவர்கள் தொலைபேசியில் கதைப்பதைப் பார்த்தது. வீட்டில் அப்படியே சொல்லவில்லை. "நானும் ஒபியோராவும் கதைச்சு முடிச்சம்" என்றேன்.

இந்தப் பதினெட்டும் முடிந்தால் மிச்சம் பன்னிரண்டு தன்பாட்டில் வரும் என்கிறாள் நிவேதிகா.

2011 செப்ரெம்பர் 3, சனி

பரமட்டாவில் எடுத்த மண்டபத்தில் காலை முழுக்க அளவெடுப்பு. திரைச்சீலைக்குப் பின்னால் மகள், வாசலில் நான். ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அளந்து முடிந்தவர்கள் போத்தலை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். பெரியவர் இலோகா வந்தார், அவர்களுடைய சங்கத் தலைவர். வெள்ளைச் சட்டை, சிவப்புத் தொப்பி. அந்த மனிதர் மூன்று நாள் மீன் தொடாமல் வந்திருக்கிறார், என் பிள்ளைக்காக.

"வந்த ஆக்களுக்கு ஏதாவது சின்னதாக் குடுங்கோ அப்பா" என்று நிவேதிகா சொல்லியிருந்தாள். அவள் நினைத்தது பிஸ்கட், பழம். எனக்கு அது சரியாகப் படவில்லை. விரதம் இருந்த சனங்கள். அளந்ததோடு விரதம் முடிந்தது. விரதம் முடிந்தால் பாறணை வேண்டாமா? வயிறு காயவைத்தவனைப் பிஸ்கட்டோடு அனுப்புகிற வீடா நம்முடையது?

பலகாரம் செய்து விற்கிற பத்மாக்காவிடம் சொல்லி எழுபது மட்டன் ரோல்ஸ் செய்வித்திருந்தேன். ரகசியமாக. மகளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று.

ஒபியோரா மட்டும் கேட்டான், "பப்பா நிவி, இது சாப்பிடலாமா?"

"அளந்து முடிஞ்சுதுதானே. ஃபினிஷ்! சாப்பிடு."

பெரியவர் இலோகா வலக்கையால் வாங்கினார், நம்மவர்களைப் போலவே. வயதில் மூத்தவன், பிள்ளையின் தகப்பன், தன் கையால் கொடுக்கிறான். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நிவேதிகா திரைக்கு வெளியே வந்தபோது தட்டத்தில் தூள்தான் மிச்சம்.

நிம்மதியான நாள். நல்லாச் செய்தோம்.

2011 செப்ரெம்பர் 4, ஞாயிறு

இந்த நாட்டில் இன்று தந்தையர் தினம். காலையில் மகள் காலுறை தந்தாள். கட்டிப்பிடித்து, "நேத்து நீங்கள் இல்லாட்டி நான் செத்தன்" என்றாள். இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

போத்தல்களைச் சேர்க்க இருவரும் காரில் போனோம். முதல் வீடு ஒபியோரா. கதவைத் திறந்து, நிறைந்த போத்தலை விருதுக் கிண்ணம் மாதிரித் தூக்கிக் காட்டினான்.

"நிவி, உன்னுடைய அப்பாவின் ரோல்ஸ்! நான் ஐந்து சாப்பிட்டேன். என்கெச்சி எனக்குத் தெரியாமல் ஆறு."

"வாட் ரோல்ஸ்?"

"மட்டன்."

நிவேதிகா என்னைப் பார்த்தாள். கத்தினால் தாங்கியிருப்பேன். போத்தலை வாங்கி, நன்றி சொல்லி, காருக்குள் வந்து இருந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடினாள்.

"அளந்தது முடிஞ்சுதுதானே எண்டு நினைச்சன் பிள்ளை..."

"அளவு தொடங்கினதே அதுக்குப் பிறகுதான் அப்பா! இந்தப் போத்தல் முடியும் மட்டும் இறைச்சி கூடாது. சமைச்ச இறைச்சியில இருக்கிற சாமானும் சலத்தில வரும். அது அவையின்ர தசையோ ஆட்டின்ர தசையோ எண்டு லாபுக்கு எப்பிடித் தெரியும்?"

பதினெட்டுப் பேர். எழுபது ரோல்ஸ். ஆட்டை அளந்துவிட்டு வந்திருக்கிறோம்.

2011 செப்ரெம்பர் 5, திங்கள்

நிவேதிகா என்னோடு பேசவில்லை. யோகா பேசுகிறாள். அது இன்னும் மோசம்.

2011 செப்ரெம்பர் 9, வெள்ளி

பின்னேரம் குசினியில் நிவேதிகா தனியே நின்றாள். போய்க் கதிரையில் இருந்தேன். மண்டையில் உதித்த புத்திசாலித்தனத்தை வெளியே விட்டேன்.

"சொல்லாமல் விட்டால் ஆருக்குத் தெரியப் போகுது?"

தண்ணீர்ப் பைப்பை மூடிவிட்டுத் திரும்பினாள்.

"அப்பா, இந்தக் கணக்குப் பிழைச்சால் சூத்திரம் பிழைக்கும். நாளைக்கு ஒரு இக்போ மனுசி வருத்தத்தில மெலிஞ்சு வருவா. நாடாவால அளந்துபோட்டு, உங்களுக்குத் தசை போதுமான அளவு இருக்கு, வீட்ட போங்கோ எண்டு சொல்லுவினம். ஆட்டிறைச்சியைக் கூட்டிச் சொன்ன பொய். அதில என்ர பேர் இருக்கும்."

கதிரையை விட்டு எழும்பினேன்.

"டொக்டரிட்டச் சொல்லிட்டன். அவ பதினெட்டையும் எறியச் சொல்லிட்டா. இனி நீங்கள் அளவெடுக்கிற மண்டபத்துக்கு வராதைங்கோ அப்பா. ப்ளீஸ்."

கோபத்தில் சொல்லவில்லை. களைப்பில் சொன்னாள். கோபம் என்றால் நாளைக்கு ஆறும்.

நான் பிள்ளையின் படிப்பை உடைத்துப்போட்டேனா? விருந்தோம்பல் என்று பெருமை பேசுகிறோமே. பிள்ளை சொன்னதை ஒழுங்காகக் கேட்டுச் செய்வதற்கு நம்மிடம் ஒரு பெயர் இருக்கிறதா?

2011 செப்ரெம்பர் 12, திங்கள்

ஒபியோராவிடம் சொன்னேன். அலுமாரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான். பிறகு சிரிப்பு நின்றது. "ஆக்கள் திரும்பவும் செய்யமாட்டார்கள், பப்பா நிவி. சிலர் டாக்சி ஓட்டும்போதும் போத்தலைப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். என்கெச்சி போத்தலோடு கல்யாண வீட்டுக்குப் போனவள்."

அவர்களுடைய மாதக் கூட்டம் வருகிற ஞாயிறு. நானே வந்து கதைக்கலாமா என்று கேட்டேன். "கதைக்கலாம். ஆனால் வெறுங்கையோடு வராதே" என்றான்.

வீட்டில் யோகாவிடம், "என்ன கொண்டுபோகலாம்? ஏதாவது பலகாரம்..." என்றேன். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடினேன். வாழைப்பழம் கொண்டுபோகிறேன்.

2011 செப்ரெம்பர் 18, ஞாயிறு

நிவேதிகாவுக்குச் சொல்லாமல் போனேன். நாற்பது பேர் வரை இருந்தார்கள். முதலில் கோலா விதையை ஒரு தட்டத்தில் வைத்து ஒவ்வொருவருக்கும் காட்டிக்கொண்டு வந்தார்கள். வெற்றிலைத் தட்டம் சுற்றுவது மாதிரியே. பெரியவர் இலோகா தங்கள் பாஷையில் நீண்ட பிரார்த்தனை செய்து அதை உடைத்துப் பகிர்ந்தார். எனக்கும் ஒரு துண்டு. கைப்பென்றால் வேப்பங்காய்க்குச் சித்தப்பா. விழுங்கினேன். அன்று அவர்கள் என்னிடம் வாங்கித் தின்றதற்கு இது நியாயம்தான்.

பேசச் சொல்லி என்னை எழுப்பி விட்டார்கள். என் இங்கிலீஷ் தூக்குக் கூலியின் இங்கிலீஷ். விரதம் என்றால் என்ன, பாறணை என்றால் என்ன, நான் என்ன நினைத்தேன், பிள்ளைக்கு என்ன நடந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். "மகள் படித்தவள். பிழை தகப்பனுடையது. தகப்பனுக்காக வேண்டாம், உங்கள் ஊரில் மெலிந்து கிடக்கிற ஒரு நோயாளிக்காக இன்னொரு முறை செய்யுங்கள்" என்றேன்.

பின்னால் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு, "மூன்று நாள் கீரை தின்றேன். என் மனைவி எனக்குச் சுகமில்லை என்று நினைத்து அழுதாள்" என்றார். சிரிப்பு. இன்னொருவர் எழும்பி, "நாங்கள் என்ன எலியா, திருப்பித் திருப்பிப் பரிசோதிக்க?" என்றார். அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்போது என்கெச்சி எழும்பினாள்.

"நான் செய்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. பப்பா நிவியும் மூன்று நாள் இறைச்சி தொடக்கூடாது. அவரும் போத்தல் தூக்க வேண்டும். எங்கள் ஆட்கள் வேலைக்குத் தூக்கிக்கொண்டு போனமாதிரி, வேலைக்கு."

கைதட்டல். பெரியவர் இலோகா தொப்பியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். "பிழை செய்தவன் எங்களோடு சேர்ந்து நடந்தால் அது தண்டனை இல்லை, துணை" என்றார். பிறகு எலியென்று கேட்டவரைப் பார்த்தார். அவர் தோளைக் குலுக்கிவிட்டு இருந்தார்.

2011 செப்ரெம்பர் 19, திங்கள்

சொன்னேன். சொல்லாமல் போனதற்கு நிவேதிகாவிடம் முதலில் ஏச்சு விழுந்தது, நியாயமான ஏச்சு. பிறகு கேட்டாள்:

"எத்தினை பேர்?"

"பழைய பதினெட்டும். புதுசா பதினைஞ்சு ஆக்களும் பேர் குடுத்தவை."

கதிரையை இழுத்து இருந்தாள். "நீங்களும் போத்தல் தூக்கோணுமா?"

"ஓம்."

"வேலைக்கு?"

"ஓம் பிள்ளை."

சிரித்தாள். மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். யோகா ஓடிவந்து யார் செத்தது என்று கேட்டாள்.

பிறகு என்னை நிமிர்ந்து இருக்கச் சொல்லி, விதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, என்னையும் திருப்பிச் சொல்லவைத்தாள். வாய்ப்பாடு சொல்லுகிற மாதிரி. சூப் கூடாது என்பதை மட்டும் இரண்டு தரம்.

2011 ஒக்ரோபர் 21, வெள்ளி

மரக்கறி, இரண்டாம் நாள். மத்தியானம் நானும் ஒபியோராவும் என் பருப்புச் சோற்றைப் பங்கிட்டோம்.

"உங்கள் ஆட்கள் இதைச் சந்தோஷமாகச் சாப்பிடுகிறார்களா?"

"சில ஆக்கள் வாழ்நாள் முழுக்க."

கையில் இருந்த கவளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மென்றான்.

2011 ஒக்ரோபர் 24, திங்கள்

நேற்று அவர்கள் சேர்ச் முடிந்து வந்தபின் அளவெடுத்தாள். நான் மண்டபத்துக்குள் போகவில்லை. வராதே என்ற சொல்லை அவள் இன்னும் திரும்ப எடுக்கவில்லை. காருக்குள் இருந்து, வெளியே வருகிறவர்களிடம் போத்தலை மட்டும் கொடுத்தேன். எலியென்று கேட்டவரும் வந்தார். போத்தலை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

இன்று வேலையில் நானும் ஒபியோராவும் ஆளுக்கொரு நீலக் குளிர்ப்பையோடு. தேநீர் இடைவேளையில் மேற்பார்வையாளர், "பிக்னிக்கா?" என்று கேட்டான். "மெடிக்கல்" என்றேன். ஒரு கையால் பையைத் தொட்டுப் பார்த்து, திறந்தும் பார்த்துவிட்டான். அதற்குப் பிறகு இன்று முழுக்க எங்களுக்குப் பாரமான வேலை தரவில்லை. தூரத்தில் நின்றே கையைக் காட்டினான்.

போத்தலோடு அலுமாரி தூக்குவது எளிதில்லை. டாக்சிக்காரரை நினைத்தேன். கல்யாண வீட்டில் என்கெச்சியை நினைத்தேன். அவர்கள் அன்று இதையெல்லாம் செய்தது எனக்காக அல்ல, ஆனால் நான் அதைக் குப்பையில் போடவைத்தேன். தோளில் பை தொங்கும்போதுதான் அது முழுக்க விளங்கியது.

மதியம் கடைசிச் சொட்டு. ஒபியோரா நேரத்தைப் பார்த்துவிட்டு, "இப்போது உண்மையாகவே ஃபினிஷ்" என்றான்.

2011 நவம்பர் 17, வியாழன்

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. பெயர் கொடுத்தவர்களில் ஒருவர் போத்தலைப் பஸ்ஸில் விட்டுவிட்டார் (பஸ் கம்பெனியிடம் கேட்டுப் போக அவருக்குத் துணிவு வரவில்லை). மற்றவர்களுடையது எல்லாம் சரி. முப்பதுக்கு மேலேயே வந்துவிட்டது. நாடா சொன்ன கிலோவும் போத்தல் சொன்ன கிலோவும் கிட்டத்தட்ட ஒன்றாம். வயது போன பெண்களுக்கு மட்டும் கொஞ்சம் திருத்தம் வேண்டுமாம்.

"அப்ப சூத்திரம் சரியோ?"

"பெரும்பாலும் சரி அப்பா. எங்க சரியில்லை எண்டும் இப்ப தெரியும். அதுதான் முக்கியம்."

என் போத்தலின் கணக்கும் வந்திருந்தது. அதைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை.

2011 டிசெம்பர் 11, ஞாயிறு

டொக்டர் இஃபியோமாவுக்குப் பிரியாவிடை. என் கையைப் பிடித்து, "நீங்கள்தானா அந்த அப்பா?" என்றார். மகளைப் பார்த்தேன். அவள் யன்னலைப் பார்த்தாள்.

திருத்திய சூத்திரத்தை அங்கே தன் ஆஸ்பத்திரியில் உடனே பாவிக்கத் தொடங்கப் போகிறாராம்.

2012 மார்ச் 30, வெள்ளி

ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டாள்! போனில் "குடுத்திட்டன் அப்பா" என்றாள். யோகாவும் நானும் ஒரே ரிசீவரில் காதை வைத்துக்கொண்டு நின்றோம்.

2012 ஏப்ரல் 22, ஞாயிறு

மெல்பேர்ணில் இருக்கிற இக்போ சங்கத்திலிருந்து நிவேதிகாவுக்கு அழைப்பு. சிட்னிக்காரரை மட்டும் அளந்தால் போதுமா, எங்களுக்குத் தசை இல்லையா என்று கேட்டார்களாம். பல்கலைக்கழகமும் இன்னும் ஒரு வருட வேலை கொடுத்து அவளை அனுப்புகிறது.

சாப்பிடும்போது, என்னைப் பாராமல், "அந்தக் கிழமை லீவு எடுக்கேலுமா அப்பா?" என்றாள்.

கார் ஓட்ட ஆள் வேண்டும் போல.

2012 மே 19, சனி, மெல்பேர்ண்

நேற்று முன்தினம் முழுக்கக் காரில். நேற்றுப் பின்னேரம் த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலில் இறங்கி ஒரு தேங்காய் உடைத்தோம். குளிர் எலும்புக்குள் போகிறது.

காலையில் சாமான்களை மண்டபத்துக்குள் இறக்கி வைத்துவிட்டு, வழக்கம்போலக் காருக்குத் திரும்பப் பார்த்தேன். "எங்க போறியள்?" என்றாள் நிவேதிகா. நின்றேன். முப்பத்தைந்து பேர் வரை வந்து கதிரைகளில் இருந்துவிட்டார்கள். தெரியாத முகங்கள். முன்வரிசையில் ஒரு பெண் கையை உயர்த்தி, சாப்பாட்டு விஷயத்தை எங்களுக்குச் சரியாகச் சொல்லப் போவது யார் என்று கேட்டாள்.

நிவேதிகா நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே, "மை டாட்" என்றாள்.

என்னிடம் ஒரு சொல்லும் முன்கூட்டிச் சொல்லவில்லை. போய் முன்னால் நின்றேன். அவள் திரைச்சீலைக்குப் பின்னால் போனாள், ஆனால் அதை ஒரு சாண் திறந்தே வைத்திருந்தாள். அந்த இடைவெளியில் அவள் முகம் தெரிந்தது.

மூன்று நாள் இறைச்சி மீன் தொடவில்லைத்தானே என்று எல்லோரையும் கேட்டேன். போத்தலைத் தூக்கிக் காட்டினேன். கடைசிச் சொட்டு நாளைக்கு எப்போது என்று சொன்னேன். நடுவில் ஒரு பெரிய உருவம் எழும்பியது, ஒபியோராவுக்கு அண்ணன் மாதிரி.

"இன்றைக்கு அளந்து முடிந்ததும் சாப்பிடலாம்தானே?"

"கூடாது. நாளைக்குப் போத்தல் முடியும் மட்டும் கூடாது. அங்கேதான் சிட்னியில் ஒருவர் பிழை விட்டவர்."

"யார் அந்த முட்டாள்?"

"உங்கள் முன்னால் நிற்கிறார்."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அடங்கியதும், "சூப்?" என்று கேட்டார். கூடாது என்றேன். "இறைச்சியை எடுத்துப்போட்டு, தண்ணியை மட்டும்?" என்றார். அதுவும் கூடாது, அதுதான் முக்கியமாகக் கூடாது, ஏனென்றால்... என்று தொடங்கி, ஆட்டுத் தசையையும் ஆள் தசையையும் பற்றி என் தூக்குக் கூலி இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு போனேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

திரும்பிப் பார்த்தேன். நிவேதிகா திரைச்சீலையை முழுதாக இழுத்து மூடிவிட்டு, உள்ளே முதலாவது ஆளை அளக்கத் தொடங்கியிருந்தாள்.